பம்ப் நின்ற பிறகு மணல் எங்கே போகும்?

சாய்ந்த குழாயில் மணலும் தண்ணீரும் கலந்த ஸ்லரி ஓடுவதைப் பற்றிப் போன இதழில் ஒரு கேள்விக்கு, பம்ப் நின்றால் கதையே வேறு என்று நான்கு வரியில் பதில் எழுதியிருந்தேன். அந்த நான்கு வரிக்கு இத்தனை கடிதம் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. அதனால் இந்த இதழ் முழுக்க அதுதான். ஒரே விஷயத்தைப் பலர் கேட்டிருந்தால் ஒரு கேள்வியாகச் சேர்த்துவிட்டேன்.

டிப்ளமோ மெக்கானிக்கல் படிக்கிறேன். செட்லிங் ஸ்லரி, நான்-செட்லிங் ஸ்லரி என்று பாடத்தில் பிரித்திருக்கிறார்கள். இரண்டுமே தண்ணீரில் தூள் கலந்ததுதானே, எதற்கு இரண்டு பெயர்?
— மாணவர், நெய்வேலி

தம்பி, ஒரு டம்ளரில் தோசை மாவு, இன்னொரு டம்ளரில் ஆற்று மணலும் தண்ணீரும். இரண்டையும் கலக்கிவிட்டுக் கையை எடுங்கள். மாவு அப்படியே நிற்கும், மணல் நீங்கள் கரண்டியைக் கீழே வைப்பதற்குள் அடியில் உட்கார்ந்துவிடும். வேறுபாடு அவ்வளவுதான். மாவு போன்றது நான்-செட்லிங். மொத்தமும் ஒரே கெட்டித் திரவம் மாதிரி நடந்துகொள்ளும், குழாயில் மெதுவாகத் தள்ளினாலும் போகும். மணல் போன்றது செட்லிங். தண்ணீர் வேகமாக ஓடிச் சுழன்று தூக்கிப் பிடித்தால்தான் அது மிதந்து வரும், வேகம் குறைந்தால் குழாயின் அடிப்பக்கம் இறங்கிப் படுக்கை மாதிரிப் படிந்துவிடும். துகள் ஏறக்குறைய 50 மைக்ரானுக்கு மேல் போனால், அதாவது தலைமுடியின் தடிமனை நெருங்கினால், படியும் குணம் தெரிய ஆரம்பிக்கும் என்று தோராயமாக வைத்துக்கொள்ளலாம். துகளின் எடை எவ்வளவு, கூட நைசான களிமண் எவ்வளவு இருக்கிறது என்பதைப் பொறுத்து அந்த எல்லை முன்னே பின்னே நகரும்.

நான் இங்கே எழுதுவது முழுக்க இரண்டாவது வகையைப் பற்றி.

ஏறும் குழாயில்தான் அடைக்கும், இறங்கும் குழாயில் அடைக்காது, இதில் யோசிக்க என்ன இருக்கிறது?
— சேலம், கரூர், திருகோணமலை வாசகர்கள்

ஓடிக்கொண்டிருக்கும் வரை நீங்கள் சொல்வது சரி. பம்ப் நின்றுவிட்டால் கதையே வேறு. அதற்குப் பின்னால் வருகிறேன். முதலில் ஓடும் குழாயைப் பார்த்துவிடலாம்.

மட்டமான குழாயின் அடியில் மணல் படுக்கை ஒன்று மெல்ல நகர்ந்துகொண்டிருக்கிறது, தண்ணீருக்குள் அதன் எடை 100 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். மணலுக்கும் குழாய்ச் சுவருக்கும் இடையே உராய்வு எடையில் பாதி என்று எடுத்தால், அதை நகர்த்தத் தண்ணீர் 50 கிலோ விசை கொடுக்க வேண்டும். இப்போது குழாயை 10 டிகிரி மேல்நோக்கிச் சாயுங்கள். மணல் சுவரை அழுத்தும் பாரம் கொஞ்சம் குறைகிறது, ஆனால் எடையில் ஒரு பங்கு பின்பக்கமாக இழுக்க ஆரம்பிக்கிறது. இரண்டையும் கூட்டினால் 67 கிலோ வேண்டும். 30 டிகிரிக்குப் போனால் 93, மட்டக் குழாய்க்குத் தேவையானதைப் போலக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. இதே கணக்கை இறக்கத்துக்குப் போடுங்கள். 10 டிகிரி இறக்கத்தில் 32 கிலோ போதும், 27 டிகிரியை ஒட்டிப் போனால் தண்ணீர் தள்ளவே வேண்டாம், மணல் தானாகச் சறுக்கிக்கொண்டு போய்விடும். ஒரு வெள்ளைத் தாளில் சைன், கொசைன் வைத்து எவரும் போட்டுப் பார்க்கக்கூடிய கணக்கு இது.

1955-இல் ஒர்ஸ்டர், டென்னி என்ற இரண்டு ஆங்கிலப் பொறியாளர்கள் இதை ஒரு எளிய வழியாகச் சொன்னார்கள். மட்டக் குழாயில் மணலால் எவ்வளவு கூடுதல் உராய்வு வருகிறதோ அதைச் சாய்வின் கொசைனால் பெருக்கு, அதோடு ஏறிய உயரத்துக்கு உரிய பாரத்தைச் சேர், முடிந்தது. 10 டிகிரிக்குக் கொசைன் 0.985, ஆக உராய்வில் மாற்றமே இல்லை என்று சொல்லலாம், கூடுவது முழுக்க உயரம்தான். 100 மீட்டர் குழாய் 10 டிகிரியில் ஏறினால் உயரம் 17 மீட்டர் சொச்சம்; தண்ணீரைவிட 1.3 மடங்கு அடர்த்தியான ஸ்லரி என்றால் அதுவே சுமார் 22.5 மீட்டர் தண்ணீர்த் தூணுக்குச் சமம். இன்றைக்கும் அவசரக் கணக்குக்கு இந்த வழி கைகொடுக்கும்.

ஆனால் பம்பின் அழுத்தத்தைக் கணக்கிட்டுவிட்டால் வேலை முடிந்தது என்று நிறையப் பேர் நினைத்துக்கொள்கிறார்கள். படியாமல் இருக்க எவ்வளவு வேகம் வேண்டும் என்பது தனிக் கேள்வி. 1984-இல் வில்சன், ட்சே என்ற இருவரும் சாய்த்து வைத்த குழாயில் கரடுமுரடான துகள்களை ஓட்டிப் பார்த்தார்கள். படியத் தொடங்கும் வேகம், மட்டத்திலிருந்து மேல்நோக்கிச் சாயச் சாயக் கூடிக்கொண்டே போய் 30 டிகிரி வாக்கில் உச்சத்தைத் தொட்டது, அதற்கு மேல் சாய்த்தால் குறையத் தொடங்கியது. செங்குத்தாக நிறுத்தினால் படுக்கை என்று ஒன்றே கிடையாது, ஏனென்றால் மணல் உட்கார அங்கே அடிச்சுவர் இல்லை. மட்டக் குழாய்க்கு என்று கணக்குப் போட்டு வேகத்தை முடிவு செய்துவிட்டு நடுவில் ஒரு பாலத்தின் மேலேயோ கரையின் மேலேயோ 25, 30 டிகிரியில் ஏற்றினால், அடைப்பு அந்த ஏற்றத்தின் காலடியில்தான் ஆரம்பிக்கும்.

அப்படியானால் நேர்க்குத்தாக ஏற்றுவதுதான் நல்லதா? உயரம் ஏற ஏறக் கஷ்டம் என்றுதானே நினைத்தோம்.
— வாசகி, கோயம்புத்தூர்

சக்தி கூடத் தேவைப்படும், அடைக்கும் பயம் குறையும். ஒரு மில்லிமீட்டர் மணல் அசையாத தண்ணீரில் விநாடிக்கு 15 சென்டிமீட்டரை ஒட்டிய வேகத்தில் விழும். செங்குத்துக் குழாயில் தண்ணீர் அதைவிட வேகமாக மேலே போனால் மணலும் மேலே போகும். நடைமுறையில் நாம் ஓட்டுவது விநாடிக்கு 2, 3 மீட்டரில், அதனால் தாராளமாக இடம் இருக்கிறது. மட்டக் குழாயில் அதே மணலை அடியில் தங்கவிடாமல் வைத்திருக்கத்தான் பாடுபட வேண்டும்.

இது சென்னைக்குப் பக்கத்திலேயே ஆராய்ச்சி நடக்கும் விஷயம். பள்ளிக்கரணையில் உள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் 2021-இல் இந்தியப் பெருங்கடலில் 5,270 மீட்டர் ஆழத்தில் தன் சுரங்க எந்திரம் ஒன்றை இறக்கி நகர்த்திப் பார்த்தது. கடலடியில் கிடக்கும் மாங்கனீஸ் உருண்டைகளை நொறுக்கி ஸ்லரியாகக் கப்பலுக்கு ஏற்றுவதுதான் நோக்கம், அதற்கு வளையும் ஹோஸ் குழாயை யோசிக்கிறார்கள். நேரான இரும்புக் குழாய் தொங்கினால் செங்குத்து, கணக்கு சுலபம். வளையும் குழாய் நீரோட்டத்தில் சாயும், வளையும், நடுவில் தொய்யும். அந்தத் தொய்வில் மேல்நோக்கிச் சாய்ந்த துண்டு எங்கே வருகிறது, அங்கே துகள் பின்வாங்குமா என்பதுதான் எனக்குத் தெரிந்தவரை இதில் மிகக் கவனமாகப் பார்க்க வேண்டிய இடம்.

பம்ப் நின்றால் கதையே வேறு என்று போன இதழில் எழுதினீர்கள். கரண்ட் போனால் என்ன ஆகும்? பெரிய பைப்லைன்களில் எப்படிச் சமாளிக்கிறார்கள்?
— ஓய்வுபெற்ற மின் ஊழியர், மேட்டூர். இன்னும் ஆறு பேர்

இதற்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன், விஷயம் இங்கேதான் இருக்கிறது.

நான் வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வருடம், ஓர் ஆலையில் சாம்பல் ஸ்லரி லைன். இரவு ஒரு மணிக்கு மேல் இருக்கும், பவர் ட்ரிப் ஆகி 20 நிமிடம் பம்ப் நின்றது. திரும்ப ஓட்டினால் அழுத்தம் ஏறுகிறது, தண்ணீர் வரவில்லை. எனக்கு மேலே இருந்தவர் இரண்டாவது பம்பையும் சேர்த்துப் போடச் சொன்னார். போட்டோம். அதுதான் தவறு. காலையில் ஃபிட்டர் அண்ணன் ஒருவர் ஒரு ஸ்பேனரை எடுத்துக்கொண்டு லைனோடு தட்டிக்கொண்டே நடந்தார், நான் பின்னால் நடந்தேன். காலியான குழாய் கணீர் என்று கேட்கும், தண்ணீர் இருந்தால் தொம் என்று அடங்கும். ஓர் ஓடையைத் தாண்டக் குழாயைக் கீழே இறக்கி ஏற்றியிருந்த இடத்தில், ஏற்றத்தின் அடிவாரத்தில், தட்டினால் சத்தமே இல்லை, பாறையைத் தட்டியது போல இருந்தது. இரண்டு குழாய்களை போல்ட் போட்டு இணைக்கும் வளையமான பிளாஞ்சைக் கழற்றிப் பார்த்தோம். குழாய் வாய் முழுக்கச் சாம்பல், நகத்தால் கீறினால் கீறல் விழவில்லை. அந்த நீண்ட மட்டமான பகுதி முழுக்கச் சும்மா அடியில் பாதி படிந்து, மேல் பாதி தெளிந்த தண்ணீரோடு நன்றாகவே இருந்தது. அடைத்தது அந்தப் பள்ளத்தில் மட்டும். சரிசெய்ய இரண்டு நாள் ஆனது.

ஏன் அங்கே மட்டும்? கணக்கு இதோ. ஸ்லரியில் கன அளவில் 30 சதவீதம் மணல் என்று வையுங்கள். ஓட்டம் நின்றதும் அது படிந்து இறுகினால் படுக்கையில் மணல் 60 சதவீதமாக நெருங்கி நிற்கும், நடுவில் உள்ள இடுக்குகளில் தண்ணீர். ஆக, படுக்கை குழாயில் பாதியை அடைக்கும், மேல் பாதி தெளிந்த தண்ணீர். மட்டக் குழாயில் இந்த மேல் பாதி ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை திறந்த வழியாக இருக்கும். பம்பை மெதுவாக ஓட்டினால் தண்ணீர் அந்த வழியே ஓடிப் படுக்கையை மேலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக அரித்துக் கலக்கிக்கொண்டு போய்விடும். சாய்வில் படிந்த மணலோ கீழ்நோக்கி வழியும். 200 மீட்டர் சாய்வில் இருந்ததெல்லாம் அப்படி வழிந்து இறங்கினால், மேல் 100 மீட்டர் வெறும் தண்ணீர், கீழ் 100 மீட்டர் முழு வாயும் அடைப்பு. இந்த வழிதல் ஏறும் குழாயா இறங்கும் குழாயா என்று பார்ப்பதில்லை. ஓட்டம் எந்தத் திசை என்பது ஓடும்போதுதான் முக்கியம், நின்ற பிறகு மணலுக்குப் பள்ளம் ஒன்றுதான் தெரியும்.

அப்புறம் அழுத்தத்தைக் கூட்டினால் ஏன் தவறு? புட்டுக் குழலைப் பாருங்கள். வெந்த புட்டைப் பின்னாலிருந்து குச்சியால் மெதுவாகத் தள்ளினால் வழுக்கிக்கொண்டு வரும். அதே குழல் இரண்டு அடி நீளம், உள்ளே முழுக்க ஈரமாவு, நீங்கள் ஓங்கித் தள்ளுகிறீர்கள் என்று நினைத்துப் பாருங்கள். மாவு முன்னால் போகாமல் பக்கவாட்டில் விரிந்து சுவரைப் பிடித்துக்கொள்ளும், தள்ளத் தள்ளக் கெட்டியாகும். மணல் அடைப்பும் அதுவே செய்யும், நீளம் கூடக் கூடத் தேவையான விசை அதே விகிதத்தில் நிற்காமல் எங்கோ ஏறிப் போய்விடும். அடைத்த குழாயைப் பின்னாலிருந்து குத்தக் கூடாது. ஓட்டத் திசையில் அடைப்புக்கு முன்னால் உள்ள முனையைத் திறந்து, அங்கிருந்து தண்ணீரைச் செலுத்தி, கரைத்துக்கொண்டே பின்னோக்கி வர வேண்டும். அந்த இரவில் இது எனக்குத் தெரிந்திருந்தால் இரண்டாவது பம்பைப் போட்டிருக்க மாட்டோம்.

இனி பெரிய பைப்லைனுக்கு வருவோம். அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் பிளாக் மேசா என்ற இடத்திலிருந்து நெவாடாவின் லாஃப்லின் ஊரிலிருந்த மொஹாவே அனல் மின் நிலையத்துக்கு 1970 முதல் 2005 கடைசி வரை நிலக்கரியைக் குழாயில் அனுப்பினார்கள். நீளம் 439 கிலோமீட்டர், பெரும்பகுதி 18 அங்குலக் குழாய், நான்கு பம்ப் நிலையங்கள். மணல் போல அரைத்த கரியும் தண்ணீரும் எடையில் பாதிக்குப் பாதி. விநாடிக்கு இரண்டு மீட்டருக்கும் குறைவான வேகம், கரி போய்ச் சேர மூன்று நாள் ஆகும். மேடும் பள்ளமுமான பாலைவனம் அது. அந்தக் குழாயைப் போட்டவர்கள் ஓடும் நாளைவிட நிற்கும் நாளை நினைத்துத்தான் பாதையையே வரைந்தார்கள். இந்த மாதிரி லைன்களில் குழாயின் சாய்வு எங்கேயும் ஓர் எல்லையைத் தாண்டக் கூடாது என்று முதலிலேயே விதி போட்டுவிடுவார்கள், பொருளைப் பொறுத்து 100 மீட்டருக்கு 10 முதல் 16 மீட்டர் வரை. 16 மீட்டர் என்பது வெறும் 9 டிகிரிதான். அதற்காக மலையைச் சுற்றிக்கொண்டு போவார்கள், மேட்டை வெட்டிக் குறைப்பார்கள், செலவைப் பார்க்க மாட்டார்கள்.

27 டிகிரியில் சறுக்கும் என்று மேலே சொன்னேனே, அப்புறம் எதற்கு 9 டிகிரி? ஏனென்றால் அந்த 27, உட்கார்ந்து இறுகிவிட்ட படுக்கைக்கு. பம்ப் நின்ற முதல் சில நிமிடங்களில் அடியில் இருப்பது படுக்கை ஆகாத குழம்பு. அது எந்தச் சின்னச் சாய்விலும் வழியும். அதனால்தான் குழாய் போடுவதற்கு முன்பே, அனுப்பப்போகும் அதே பொருளைக் கண்ணாடிக் குழாயில் போட்டுப் படியவிட்டு எந்தச் சாய்வில் வழிகிறது என்று பரிசோதிப்பார்கள். கரிக்கும் இரும்புத் தாதுவுக்கும் விடை ஒன்றாக வராது. கரியின் அடர்த்தி தண்ணீரைப் போல 1.4 மடங்கு, தாதுவுடையது 5 மடங்கு. தண்ணீருக்குள் மிதப்பைக் கழித்தால் ஒன்று 0.4, மற்றது 4. ஒரே அளவுத் துகள், பத்து மடங்கு பாரம்.

பிளாக் மேசாவைப் பொறியியல் வெற்றி என்று மட்டும் எழுதிவிட்டுப் போக எனக்கு மனமில்லை. கரியைச் சுமக்க அந்த வறண்ட நிலத்தின் அடியில் இருந்த நவஹோ நிலத்தடி நீரை ஆண்டுக்குச் சுமார் 500 கோடி லிட்டர் எடுத்தார்கள். அது ஹோப்பி, நவஹோ மக்கள் குடிக்கும் நீர். ஊற்றுகள் குறைகின்றன என்று அவர்கள் பல ஆண்டுகள் போராடினார்கள். ஸ்லரி பைப்லைன் போட எவர் திட்டம் கொண்டுவந்தாலும் நான் முதலில் கேட்பது சாய்வை அல்ல, தண்ணீர் எங்கிருந்து என்பதைத்தான்.

தனியார் லேபில் வேலை பார்க்கிறேன். ரத்த அணுக்கள் எவ்வளவு வேகமாகப் படிகின்றன என்று பார்க்கும் இ.எஸ்.ஆர். டியூபைக் கொஞ்சம்கூடச் சாயாமல் நேராக வைக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார்கள். சாய்ந்தால் ரத்தம் மெதுவாகத்தானே இறங்கும்? இதை உங்களிடம் கேட்கலாமா என்று தயங்கித்தான் எழுதுகிறேன்.
— வாசகி, மதுரை

தாராளமாகக் கேட்கலாம் அம்மா, இந்த இதழுக்கு வந்ததிலேயே எனக்கு மிகப் பிடித்த கேள்வி இது. சாய்ந்தால் வேகமாக இறங்கும். மூன்று டிகிரி சாய்ந்தாலே அளவு 30 சதவீதம் வரை கூடிக் காட்டக்கூடும், அதனால்தான் அந்தக் கண்டிப்பு.

இதை 1920-இல் கவனித்து எழுதியவர் பாய்காட் என்ற ஆங்கில நோய்க்குறியியல் மருத்துவர். அவரும் குழாயில் ரத்தம் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தவர்தான். நேர்க்குத்தாக நின்றால் அணுக்கள் டியூபின் முழு நீளமும் விழ வேண்டும். சாய்ந்து நின்றால் நேர்கீழாகச் சில மில்லிமீட்டர் விழுந்தாலே கீழ்ச்சுவரைத் தொட்டுவிடும். தொட்டதும் அங்கே ஒரு கனமான அடுக்கு சேர்ந்து சுவரோடு கீழே வழியும், மேல்ச்சுவரை ஒட்டித் தெளிந்த நீர் மேலே ஓடும். ஒரு பக்கம் இறங்கும் ஓட்டம், மறுபக்கம் ஏறும் ஓட்டம், இரண்டும் ஒன்றை ஒன்று வேகப்படுத்தும்.

மேலே மேட்டூர்க்காரருக்குச் சொன்ன பதிலில் பம்ப் நின்ற முதல் சில நிமிடங்களில் குழம்பு வழியும் என்றேனே, அது இதேதான். உங்கள் மேசையில் இருக்கும் டியூபிலும் ஓடைக்கு அடியில் போகும் 12 அங்குல இரும்புக் குழாயிலும் நடப்பது ஒன்று. குடிநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்களில் சாய்வான தட்டுகளையும் குழல்களையும் 60 டிகிரி வாக்கில் அடுக்கி வைத்திருப்பார்கள், அங்கே இதை நன்மைக்குப் பயன்படுத்துகிறார்கள். குறைந்த இடத்தில் சீக்கிரம் தெளியும், படிந்த சேறு தானாக வழிந்து இறங்கிவிடும்.

குழாய் அடைக்கிறது என்றால் பெரிய குழாயாகப் போட்டுவிட்டால் பிரச்சினை தீர்ந்ததா?
— ஒப்பந்ததாரர், திருப்பூர்

தீராது, கூடும். பெரிய குழாயில் மணல் படியாமல் இருக்க வேகம் அதிகம் வேண்டும். பிரான்சின் கிரெனோபில் நகரில் 1950-களில் டுராண்டும் கொண்டோலியோஸும் செய்த சோதனைகளிலிருந்து வந்த விதி இது, தேவையான வேகம் குழாய் விட்டத்தின் வர்க்கமூலத்தோடு ஏறும். கரடுமுரடான மணலுக்கு 100 மில்லிமீட்டர் குழாயில் விநாடிக்கு 2.4 மீட்டர் என்றால், 400 மில்லிமீட்டர் குழாயில் 4.8. அதே தண்ணீரைப் பெரிய குழாயில் விட்டால் வேகம் குறையும், தேவையோ கூடும். இரண்டு பக்கமும் அடி.

தூத்துக்குடியில் மணல் அள்ளும் டிரெட்ஜர் கப்பலைப் பார்த்தேன். சாய்வாகக் கடலுக்குள் இறங்கும் குழாய் வழியாகத்தான் மணல் ஏறி வருகிறதாம். அந்தக் குழாய் 40, 45 டிகிரிகூட இருக்குமே, அது அடைக்காதா?
— வாசகர், தூத்துக்குடி

அடைக்கும், ஆனால் அந்தக் குழாய் குட்டை. சில பத்து மீட்டர்தான், வாயும் பம்பும் ஆள் கண்ணெதிரே. ஓட்டுபவர் பம்பின் இழுவையைக் காட்டும் வேக்யூம் கேஜின் மேல் கண் வைத்திருப்பார். முள் ஏறினால் மணல் அதிகம் சேர்கிறது என்று பொருள், உடனே வெட்டுவதைக் குறைப்பார், இல்லையென்றால் குழாய் வாயைக் கொஞ்சம் மேலே தூக்கி வெறும் தண்ணீரை உறிஞ்சவிடுவார். அந்தப் பக்கம் இன்னொரு சிக்கல், உறிஞ்சும் குழாயில் பம்ப் கொடுக்கக்கூடிய இழுவைக்கு எல்லை இருக்கிறது, காற்றழுத்தத்துக்கு மேல் எவராலும் உறிஞ்ச முடியாது. அதனால் ஆழமான வேலைக்குப் பம்பையே தண்ணீருக்குள் இறக்கிவிடுகிறார்கள். நிறுத்தும்போதும் முதலில் வாயைத் தூக்கி, குழாய் முழுக்கத் தெளிந்த தண்ணீர் ஆன பிறகுதான் பம்பை அணைப்பார்கள். பழக்கப்பட்ட ஆள் இதை ஒருநாளும் மறக்க மாட்டார்.

மலையிலிருந்து கடலுக்கு இறங்கும் பைப்லைன் என்றால் பம்பே வேண்டாமே? குதிரேமுக்கிலிருந்து மங்களூருக்கு அப்படித்தான் வந்தது என்று அப்பா சொல்வார்.
— வாசகர், ஓசூர்

குதிரேமுக் குழாய் 67 கிலோமீட்டர், மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து பணம்பூர்த் துறைமுகம் வரை இரும்புத் தாது ஸ்லரி வந்தது. உச்ச நீதிமன்ற உத்தரவால் 2005 முடிவோடு சுரங்கம் நின்றது. உயரம் இருந்தால் பம்புக்கு வேலை குறையும் என்பது உண்மை. ஆனால் அளவுக்கு மீறிய இறக்கமும் தொல்லைதான், அதைச் சொல்கிறேன்.

குழாய் ரொம்பச் செங்குத்தாக இறங்கினால் ஸ்லரி நாம் கொடுக்கும் அளவைவிட வேகமாக ஓடப் பார்க்கும். அப்போது குழாய் நிரம்பி ஓடாது, மேலே வெற்றிடம், அடியில் மெல்லிய, அசுர வேக ஓட்டம். வெறும் தண்ணீர் என்றால் பெரிய கேடு இல்லை. தாது கலந்தது அந்த வேகத்தில் ஓடினால் குழாயின் அடிச்சுவரை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தது மாதிரி அறுத்துவிடும். மேலே இருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது, ஒரு நாள் கீழ்ப்பக்கம் ஓட்டை விழும். தென் அமெரிக்காவின் பெரு நாட்டில் ஆண்டீஸ் மலையில் 4,000 மீட்டருக்கும் மேலே இருக்கும் அந்தமினா சுரங்கத்திலிருந்து கடற்கரைக்கு 302 கிலோமீட்டர் செம்புத் தாது ஸ்லரிக் குழாய் இறங்குகிறது. அந்த மாதிரி லைனில் வழியில் நிலையங்கள் வைத்து, பீங்கான் பூசிய சின்னத் துளைகள் வழியாக ஸ்லரியைப் பிழிந்து அனுப்புவார்கள், சக்தியை வேண்டுமென்றே வீணாக்க. அப்போதுதான் குழாய் எப்போதும் நிரம்பி ஓடும். இறக்கத்தில் சின்ன விட்டக் குழாயைப் போடுவதும் இதற்காகத்தான்.

சமதரைச் சாம்பல் லைன்களிலும் தேய்வது அடிப்பக்கம்தான். அதனால் குறிப்பிட்ட காலத்துக்கு ஒரு முறை பிளாஞ்சைக் கழற்றிக் குழாயை மூன்றில் ஒரு பங்கு திருப்பிப் பூட்டுவார்கள். ஒரே குழாய் மூன்று ஆயுள் வாழும். திருப்பிய தேதியைக் குழாயின் மேல் பெயின்டில் எழுதி வைத்திருப்பார்கள். லைனோடு நடப்பவர் எவரும் அதைப் படித்துக்கொண்டே போகலாம்.

வீட்டுக் கழிவுநீர்க் குழாய்க்கு எவ்வளவு சரிவு கொடுக்கலாம்?
— வாசகர், தாம்பரம்

நாலு அங்குலக் குழாய்க்கு 57 அடிக்கு ஓர் அடி, ஆறு அங்குலத்துக்கு 100 அடிக்கு ஓர் அடி என்பது நம் நாட்டில் பழகிய அளவு. இது பம்ப் இல்லாத, நிரம்பாமல் ஓடும் குழாய், அதனால் மேலே எழுதிய பதில்களை இதற்குப் பொருத்தாதீர்கள். நடுவில் எங்கேயும் தொய்வு இல்லாமல் ஒரே சீராகச் சரிவு இருக்கிறதா என்று மட்டும் மேஸ்திரியை டியூப் லெவல் வைத்துக் காட்டச் சொல்லுங்கள்.

அரசுப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். இதைப் பிள்ளைகளுக்கு வகுப்பிலேயே காட்ட முடியுமா? செலவு செய்ய வழியில்லை.
— ஆசிரியை, திருவண்ணாமலை மாவட்டம்

முடியும் டீச்சர், எல்லாம் ஊரிலேயே கிடைக்கும்.

கொத்தனார் டியூப் லெவலுக்கு வாங்கும் தெளிவான குழாயில் ஒரு மீட்டர் வெட்டுங்கள், கிடைக்கிறதிலேயே அகலமானதாக. ஒரு ரீப்பர் கட்டையோடு சேர்த்து நாலு இடத்தில் கட்டிவிடுங்கள், வளையக் கூடாது. ஒரு முனையைத் தக்கையால் அடைத்து, மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாகச் சலித்த மணல் போட்டு, காற்றுக்குமிழி இல்லாமல் தண்ணீர் நிரப்பி, மறுமுனையையும் அடையுங்கள். கட்டையை இப்படியும் அப்படியும் ஆட்டி மணலைக் குழாய் நெடுகப் பரப்பிவிட்டு மேசை மேல் படுக்க வையுங்கள். மேலே தண்ணீர் வழி திறந்திருப்பதைப் பிள்ளைகள் பார்க்கட்டும். இப்போது ஒரு முனையை மெல்ல மெல்லத் தூக்குங்கள், பெரிய பாகைமானி ஒன்றை அட்டையில் வெட்டி வைத்துக்கொண்டால் கோணம் படிக்கலாம். ஒரு கோணத்தில் மணல் கூட்டமாகச் சறுக்கிக் கீழ்முனையில் போய் அடைத்துக்கொள்ளும். அதைக் குறித்துக்கொண்டு மறுபடி பரப்புங்கள், இந்த முறை தூக்குவதற்கு முன்னால் கட்டையைப் பென்சிலால் ஐம்பது தட்டு தட்டிவிட்டுத் தூக்குங்கள். இறுகிய மணல் இன்னும் கொஞ்சம் கூடுதல் கோணம் வரை தாக்குப்பிடிக்கும். மூன்றாவது முறை, ஆட்டிக் கலங்கிய நிலையிலேயே சின்னச் சாய்வில், பத்து டிகிரிக்குள், வைத்துப் பாருங்கள். படிந்துகொண்டிருக்கும்போதே அடியில் ஓர் அடுக்கு கீழே வழிவது தெரியும்.

இரண்டாவது சோதனைக்குச் சாக்பீஸ் தூள் போதும். ஒரே அளவு சோதனைக் குழாய் இரண்டில் ஒரே அளவு தூளும் தண்ணீரும் போட்டுக் குலுக்கி, ஒன்றை நேராகவும் ஒன்றை 45 டிகிரி சாய்வாகவும் ஒரே நேரத்தில் வையுங்கள். எது முதலில் தெளியும் என்று முன்கூட்டியே கை தூக்கச் சொல்லுங்கள். சாய்த்ததின் மேல்ச்சுவரை ஒட்டி, கோடு போட்டது மாதிரி தெளிந்த தண்ணீர் மேலே ஓடும். வெளிச்சத்துக்கு எதிராகப் பிடித்தால்தான் அது கண்ணுக்குத் தெரியும், அதனால் ஜன்னல் பக்கம் வையுங்கள்.